பட்டியலில் இருந்த அம்மா

பெருமதிப்பிற்குரிய அப்பாவுக்கு, மகள் வணங்கி எழுதுவது. நான் நலம். தங்கள் மூட்டு வலி தணிந்ததா? இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டும் முன், தாங்கள் தனியே ஒருமுறை படித்துவிடவும்.

அம்மாவின் பார்வையை மீட்கும் என்று நம்பி, ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணுக்களுக்கு மூன்றாண்டுகளாக ஞாயிறு விடுப்புமின்றி ஊட்டநீர் மாற்றி வருகிறேன். சோதனைச் சிகிச்சைப் பட்டியலில் அம்மாவின் பெயரை எங்கள் ஆய்வக இயக்குநரே கைப்பட எழுதினார். நேற்று முதலீட்டாளர்கள் வந்து, அணுக்களை வைத்திருக்கும் வளர்ப்புப் பெட்டியருகே என்னை நிறுத்திப் படமெடுத்துச் சென்றனர். பிறகு இயக்குநர் அழைத்தார்.

"அக்கா, கண்ணு நோயாளிங்க ரொம்பக் கம்மி. முகச் சுருக்கத்துக்குன்னாதான் பணம் போடுவாங்களாம்."

"அப்ப எங்கம்மா, சார்?"

"உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க."

நான் வினவியது வேலையைப் பற்றியன்று.

இன்று காலையும் ஊட்டநீர் மாற்றினேன். அவ்வணுக்கள் என்ன பிழை செய்தன?

வருந்தற்க, வேளை தவறாது உண்கிறேன். என் பழைய கம்பளிச் சட்டையை அனுப்பி வையுங்கள், அறை குளிர்கிறது. இனித் தேவைப்படாது என்று சென்ற கடிதத்தில் நான் பரணில் போடச் சொன்ன அம்மாவின் கைத்தடியை, அவர் கேட்கும் முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். பணிமணி அடித்துவிட்டது.

தங்கள் மகள்