படியில்லாத வீடு

திருச்சி,
4.8.86

அன்புள்ள பாக்கியத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை மகன் பிலோமின் வீட்டுக்கு நான் வந்தபோது மருமகள் உன் பக்கத்தை விட்டு நகரவில்லை. எதுவும் கேட்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். முட்டிக்குள் போட்ட ஊசி கேட்கிறதா இல்லையா? மெட்ராஸில் குழாய் விட்டு ஆபரேஷன் செய்தும் வலி விடவில்லையே என்றுதான் அதைப் போடச் சொன்னேன். வலி குறைந்த தைரியத்தில் மாவாட்டக் குந்தி உட்காராதே. காலை நீட்டித் தூக்கிப் பழகு. வீங்கினால் ஐஸ் வை.

வாழை மண்டிக்கு மேலே இருக்கும் நம் வீட்டுப் படி இனி உனக்கு ஆகாது. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் பக்கம், தரைவீடு ஒன்று பேசி முடித்துவிட்டேன். வாசலில்கூடப் படி கிடையாது. "கோயில் ஊர்ல சர்ச்சுக்குப் போற வேதக்காரனுக்கு எவன் வீடு குடுத்தான்?" என்று சிரிக்காதே, நம்மிடம் வாழைத்தார் எடுக்கும் ஜெகபர் சாதிக்கின் வீடு. நாற்காலி மாதிரி உட்காரும் கக்கூஸும் வைக்கச் சொல்லிவிட்டேன். எப்போது வண்டி அனுப்பட்டும்?

ஸ்தனிஸ்லாஸ்

•

கைலாசபுரம்,
11.8.86

பிலோமின் அப்பாவுக்கு பாக்கியமேரி எழுதுவது.

ஊசி நன்றாகவே கேட்கிறது. நேற்றுப் பூசை முடியும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்து அழுதேன். இத்தனை நாளும் யார் கேட்டாலும், "முட்டி வலி, படி ஏற முடியலை, அதான் மகன் வீட்டுல இருக்கேன்" என்பேன். நானும் அதை நம்பினேன். வலி போனதும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று.

நான் விழுந்த அன்று, உங்களுக்குக் கொண்டுவந்த சோற்றுக் கூடையோடு மண்டிப் படியில் உருண்டு கீழே கிடந்தேன். நீங்கள் எட்டிப் பார்த்து, "லாரி நிக்குது பாக்கியம், லோடு இறங்கட்டும், வந்துடுறேன்" என்றீர்கள். சுமை இறக்க வந்த வீரமலைதான் சாக்கை மடித்து என் தலைக்கு வைத்தான். பிறகு மெட்ராஸ், பெரிய டாக்டர், எல்லாம் செய்தீர்கள். குறை சொல்ல மாட்டேன். ஆனால் லாரி காலியாகும்வரை, தார் எண்ணுகிற உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டேதான் கிடந்தேன். அந்தக் குரலோடு இனி ஒரு வீட்டில் என்னால் இருக்க முடியாதுங்க.

பாக்கியமேரி

•

திருச்சி,
16.8.86

பாக்கியம்,

லாரி வாடகை, அழுகிற சரக்கு, நிற்கிற கூலியாட்கள் என்று எழுதி எழுதிக் கிழித்தேன். வியாபாரியிடம் சொன்னால் ஒத்துக்கொள்வான். உன்னிடம் எப்படிச் சொல்வது? நீ விழுந்தது எனக்குத் தெரியும். என் குரலைக் கேட்டுக்கொண்டு கிடந்தது இப்போதுதான் தெரியும்.

இனிக் கூப்பிட மாட்டேன். அங்கேயும் வர மாட்டேன்.

ஊசியின் பலன் சில மாதம்தான் நிற்குமாம். அடிக்கடி போடவும் கூடாதாம். வலி திரும்பினால் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்காதே, உடனே டாக்டரிடம் காட்டு. போன தடவை ஊசி இறங்கும்போது என் சட்டையைக் கசக்கிப் பிடித்திருந்தாய். அடுத்த தடவை கூட யார் வருவார்கள்? நீ எழுத வேண்டாம். பிலோமினை ஒரு வரி எழுதச் சொன்னால் போதும்.

ஸ்தனிஸ்லாஸ்