திருத்திய எண்

மார்ச் 4

எங்கள் கம்பெனியின் சர்க்கரை சென்சாரை இன்று அக்காவின் கையில் ஒட்டினேன். சோதனையில் வீட்டு ஆட்களும் சேரலாமாம். பன்னிரண்டு வயதிலிருந்து இன்சுலின் போடுகிறவள். குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கிறது. தையல்காரிக்கு விரலை விட்டால் வேறென்ன இருக்கிறது?

"இனிமே குத்த வேண்டாமா, சயின்டிஸ்ட்டே?"

"போனைப் பாரு, போதும்."

எனக்கு ஒரே பெருமை.

மார்ச் 6

"இது கெட்டுப்போனா உனக்கு எப்படிடா தெரியும்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. சென்சாருக்குள் மெல்லிய மின்சாரம் அனுப்பி, அது எவ்வளவு தடுக்கிறது என்று அளக்கிறோம். அந்த மின்மறுப்பு ஏறினால், தோலுக்குள் இருக்கும் ஊசிமேல் படலம் படிந்து சர்க்கரை குறைவாகத் தெரிகிறது என்று பொருள். உடனே எண்ணை உயர்த்தித் திருத்திவிடுவோம்.

அவளிடம் சொல்லாதது: முன்பு ஏழு அதிர்வெண்களில் அளந்தோம். பேட்டரி தாங்கவில்லை. "ஒண்ணு போதும்ல?" என்றார் மேலாளர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அவசரம். போதும் என்று கையெழுத்துப் போட்டவன் நான்.

மார்ச் 9

அக்காவின் மின்மறுப்பு ஏறுகிறது. திருத்தம் தானாக வேலை செய்கிறது. அழகு.

மார்ச் 11

மதியம் ஒன்று பத்துக்குக் கடையிலிருந்து கூப்பிட்டாள்.

"கை நடுங்குதுடா. வேர்த்துக் கொட்டுது. ஆனா போன்ல தொண்ணூத்தொண்ணுன்னு காட்டுது."

என் திரையிலும் 91 தான். "அப்ப ஒண்ணுமில்ல. எழுபதுக்குக் கீழ போனாத்தான் பயம். பசியா இருக்கும். பயந்துபோய்ச் சர்க்கரைய அள்ளிப் போட்டுக்காதே."

"நீ சொன்னா சரி."

மார்ச் 12

மருத்துவமனை. துணி வாங்க வந்தவர் நாலு மணிக்குப் பார்த்திருக்கிறார். தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாளாம். இங்கே கொண்டுவந்தபோது இரத்தத்தில் சர்க்கரை 21.

நான்தானே வேண்டாம்னேன். கையில மிட்டாய் டப்பா வெச்சிருந்தாளே — நான்தானே.

மார்ச் 15

நர்ஸ் ஒரு பையில் போட்டுக் கொடுத்த சென்சாரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். ஏழு அதிர்வெண்களிலும் அளந்தேன். படலம் படிந்திருந்தால் தாழ்ந்த அதிர்வெண்ணில்தான் மறுப்பு அதிகமாகக் காட்டும். இங்கே ஏழிலும் ஒரே அளவு ஏறியிருந்தது. அப்படியென்றால் கோளாறு ஊசியில் இல்லை, மேலே, ஊசி கருவியோடு சேரும் இணைப்பில். இஸ்திரிப் பெட்டிச் சூட்டில் நாளெல்லாம் நின்றவளின் வியர்வை உள்ளே இறங்கி, இணைப்பில் பச்சைக் களிம்பு பூத்துப்போயிருக்கிறது.

ஊசியில் படலமே இல்லை. அன்று மதியம் அது அனுப்பிய எண் 48. சரியான எண். அதை 91 ஆக்கியது என் திருத்தம்.

இரண்டாவது அதிர்வெண் ஒன்றை விட்டுவைத்திருந்தால் போதும், தெரிந்திருக்கும்.

மார்ச் 16

"அறிக்கையில, பயன்படுத்துனவங்க அறிகுறிய கவனிக்கலைன்னு போட்டுடு" என்றார் அவசரம்.

"கவனிச்சாங்க சார். எனக்கு போன் பண்ணிச் சொன்னாங்க."

இன்னும் நாற்பது பேர் அதை ஒட்டிக்கொண்டு திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி எழுதி, என் கையெழுத்து இருக்கும் தாளையும் சேர்த்து அனுப்பினேன்.

மார்ச் 17

சோதனையை நிறுத்திவிட்டார்கள். என்னையும்.

மார்ச் 29

கண் விழித்தாள். பேச்சு இல்லை.

ஏப்ரல் 20

அக்கா வீட்டுக்கு வந்து ஆறு நாள். பிடித்துக்கொண்டால் நடக்கிறாள். ஊட்டினால் சாப்பிடுகிறாள். மூளை ரொம்ப நேரம் பட்டினி கிடந்துவிட்டது, பேச்சு திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொரு வேளையும் சாப்பாட்டுக்கு முன் நான்தான் விரலைக் குத்திப் பார்க்கிறேன்.

இன்று மதியம் அவள் நெற்றி வேர்த்திருந்தது. மீட்டரை எடுப்பதற்கு முன்னால் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்படிக்கா இருக்கு? நடுங்குதா?" என்று கேட்டேன்.

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குத்திப் பார்க்க விரலை நீட்டினாள்.