ரெண்டு அம்மா ஒரு நைனா

12 மார்ச் 1962, திங்கள்

இன்றைக்கும் வாயைத் திறக்கவில்லை. என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளின் விரலைப் பிடித்து மணலில் எழுத வைத்தவள், ஓய்வு பெற்று, நிலக்கடலை மூட்டை போடும் இந்த மல்லாட்டைக் கிடங்கில் குழந்தைப் பள்ளி தொடங்கிய பிறகுதான் கையைக் கட்டிக்கொண்டு உட்காரப் பழகுகிறேன். பிள்ளை எதை எடுக்கிறதோ அதுதான் பாடம். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். அடுத்தவர் கையில் இருந்தால் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். சட்டம் அவ்வளவே.

இன்று ஜானகி மூலையில் கிடந்த மரப்பெட்டியைத் திறந்துவிட்டாள். உள்ளே புதுக் கிலோக் கற்கள். கிடங்கும் கற்களும் அவள் தகப்பனார், மளிகைக்கடை ராஜகோபாலுடையவை. பழைய பலக் கணக்கிலேயே நிறுத்துப் பழகியவர், கிலோ பிடிக்காமல் பொங்கலிலிருந்து இங்கே தள்ளி வைத்திருக்கிறார். 'தொடாதே' என்பது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

15 மார்ச்

கற்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. ஒரு கிலோ, நைனா; ஜானகி அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள். அரைக் கிலோ, அம்மா. நூறு கிராம், பாப்பா.

19 மார்ச்

கற்களுக்கு ஜோடி வேண்டுமாம். துணிப்பைகளில் மணல் நிரப்பி, பழைய தராசில் கல்லோடு சமம் பார்த்து, கொட்டி, மறுபடி நிரப்பி — தலையெல்லாம் மண். அம்மாக் கல்லையும் அம்மாப் பையையும் ஒரு தட்டில் வைத்தாள் ஜானகி. எதிர்த் தட்டில் நைனா. முள் நேராக நின்றது. "டீச்சர், ரெண்டு அம்மா ஒரு நைனா." எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். பதினோரு தடவை. எண்ணினேன். அறுபது வயதில் எனக்கு ஏன் கண் கலங்க வேண்டும்?

22 மார்ச்

ராஜகோபால் வந்தார். "இன்னா டீச்சரம்மா, எம் பொண்ணு இன்னும் ஒரு எழுத்து போடல. மண்ண அள்ளி மண்ண கொட்டிக்கினு இருக்குது."

தோசை திருப்பப் பலகையில் எழுதியா கற்றோம் என்றேன்.

"தோசைய தின்னுடலாம். மண்ண இன்னா பண்றது? அமாவாசை கூட்டம் முடியட்டும். அஞ்சாந்தேதிக்குள்ள அ ஆ போடலன்னா கெடங்க காலி பண்ணிக் குடுங்க. மல்லாட்டை மூட்டை வருது."

பதினேழு பிள்ளைகள். வேறு இடம் எங்கே இருக்கிறது?

23 மார்ச்

தோற்றேன். ஜானகியின் விரலைப் பிடித்து 'அ' போட வைத்தேன். விரலை உருவிக்கொண்டு கேட்டாள்: "ஒங்க கை எதுக்கு டீச்சர்?"

31 மார்ச்

நாளையிலிருந்து கடைகளில் கிலோக் கல் மட்டும்தான். கல் பெட்டியை ராஜகோபால் தூக்கிப்போய்விட்டார். எங்களுக்கு மண் பைகள் மிச்சம்.

2 ஏப்ரல்

புளி வாங்கப் போனேன். கடையில் ஒரே கூச்சல். ராஜகோபால் அள்ளுகிறார், கொட்டுகிறார், மறுபடி அள்ளுகிறார். பக்கத்துச் சிங்கவரம் கிராமத்து ஆள் ஒருவர், "இன்னா மொதலாளி, இன்னிக்குத்தான் கடை தொறந்தியா?" என்றார்.

ராஜகோபால் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "பத்து பலம்னா கை தானா அள்ளும் டீச்சரம்மா. இப்ப இந்தக் கை எனக்கே புதுசா இருக்குது." எனக்கும் என் கை அப்படித்தான் இருக்கிறது.

3 ஏப்ரல்

மத்தியானம் ராஜகோபால் கயிற்றோடு வந்தார், கிடங்கை அளக்க. ஜானகி வழிமறித்தாள். "நைனா, கண்ண மூடு." உள்ளங்கையில் ஒரு பை வைத்தாள். "இது யாரு?"

"இன்னாது, யாரா? ஏதோ அம்பது கிராம்."

பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள். அது பாப்பா. அடுத்ததும் தப்பு. மூன்றாவதற்கு அவரே கையை நீட்டினார். மூன்று வயது உண்ணாமலை பையைப் பிடுங்கிக்கொண்டாள். "இப்ப என் மொற. நீ குந்து."

என்னைப் பார்த்தார். நான் கையைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

குந்தினார். சாயங்காலம் கடை திறக்கும் நேரம்வரை எழுந்திருக்கவில்லை. போகும்போது கயிற்றை மறந்துவிட்டார்.

4 ஏப்ரல், அமாவாசை

மேல்மலையனூர் அம்மன் கோயில் பஸ்ஸுக்குப் போகிற கூட்டமெல்லாம் கடைவீதியில். ராஜகோபால் கண்ணை மூடிக்கொண்டு வெல்லத்தை எடுத்தார். "இந்தாம்மா, ஒரு அம்மா வெல்லம்."

"இன்னாது?" என்றாள் அந்தப் பெண்.

அரைக் கிலோக் கல்லுக்கு எதிரே தராசில் வைத்தார். முள் நேர். நான் சிரித்த சிரிப்பில் குடையைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

5 ஏப்ரல்

காலையில் வாசலில் மாட்டுவண்டி. மூட்டைகள் வந்துவிட்டன என்று மண் பைகளை ஒதுக்கி வைக்கத் தொடங்கினேன். இறங்கியது ஒரே ஒரு மூட்டை மல்லாட்டை. "புள்ளைங்க நிறுக்கட்டும்" என்றார் ராஜகோபால். அ ஆ பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று நைனா நிறுத்து வைத்தார்கள். மத்தியானம் இரண்டு நைனா, ஒரு அம்மா. பாக்கி வயிற்றில்.

இன்று வருகை: பிள்ளைகள் பதினேழு, கிலோ பழக வந்த கடைக்காரர்கள் மூன்று. பெரியவர்களுக்கு முறை வரும்வரை காத்திருக்கத் தெரியவில்லை. ஜானகி பழக்கிக்கொண்டிருக்கிறாள்.