மூன்று நாள் நின்ற மீன்

இன்று காலை மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்ததும் கிரீஸ் வாசனை வந்தது. கயிற்றில் கட்டிக் கடலில் இறக்கி ஆழம் பார்க்கும் உன் ஈயக் குண்டு. அடிக்குழியில் நீ அப்பிய கிரீஸ் கறுத்து இறுகிவிட்டது. நடுவில் இருக்கும் வடு மட்டும் அப்படியே இருக்கிறது.

உன் நினைவு மலருக்கு ஒரு பக்கம் வேண்டும் என்று நம் ஊர்ச் சங்கச் செயலாளர் கேட்டார். "சொந்தக் காரணங்களால வேலையிலேர்ந்து விலகினார்னு ஒரு வரி போட்டுருங்கண்ணே. யாருக்கும் சங்கடம் இருக்காது." அந்த வரியை எழுத முடியாது என்றேன். ஏன் என்பது உனக்குத் தெரியும்.

இந்த வளைகுடா நாட்டில் நாம் சேர்ந்து தங்கியிருந்த அல் குசைஸ் அறையில் நீ வெள்ளைச் சீருடைக்கு இஸ்திரி போடுவது நினைவுக்கு வருகிறது. இந்நாட்டு அரசின் கடல் ஆய்வுப் பணியில் அதிகாரி என்று எத்தனை முறை சொன்னாலும், நம்மோடு தங்கியிருந்த லாரி ஓட்டுநர் முருகேசனுக்கு நீ போலீஸ்தான்.

"மாப்ளே, ரெண்டு ஃபைன் விழுந்திருக்கு. சொல்லி கேன்சல் பண்ணுடா."

"நான் கடல் ஆழத்த அளக்குறவன்டா."

"அதுக்கு எதுக்கு தோள்ல பட்டை?"

"அளந்தது பொய்யாப் போனா புடுங்குறதுக்கு."

நீ அளந்தது பொய்யாகவில்லை. ஆனாலும் பிடுங்கினார்கள்.

புதிதாக ஆழப்படுத்திய துறைமுகக் கால்வாயை நீ மூன்றாம் நாளாக அளந்த அன்று, என் பத்திரிகைக்குச் செய்தி எடுக்க நானும் படகில் இருந்தேன். ஒலி அனுப்பி ஆழம் காட்டும் கருவியில், முந்தைய இரண்டு நாள் போலவே ஓரிடத்தில் மட்டும் தரை மேடாகத் தெரிந்தது. தோண்டிய நிறுவனத்தின் மேலாளர் திருச்சிக்காரர், அவசரத்தில் இருந்தார்.

"மீன் கூட்டம் சார் அது. அழிச்சிட்டு கையெழுத்துப் போடுங்க, கலாஸ், வேலை முடிஞ்சுது."

"மூணு நாளா ஒரே எடத்துல நிக்கிற மீன் எந்தக் கடல்ல சார் இருக்கு?"

கருவி வந்தபின் யாரும் தொடாத குண்டை நீ பையிலிருந்து எடுத்தாய். குழியில் கிரீஸ் அப்பி, கயிற்றில் இறக்கினாய். சேறோ மணலோ என்றால் கிரீஸில் ஒட்டிக்கொண்டு வரும். எதுவும் ஒட்டவில்லை. கல் இடித்த பள்ளம் மட்டும் இருந்தது. ஆழத் தாளில் 'பாறை' என்று எழுதிக் கையெழுத்திட்டாய்.

கால்வாய்த் திறப்பு தள்ளிப்போனது. மறுமாதம் உன் மேலதிகாரி ஒரு விலகல் கடிதத்தை நீட்டினார். சொந்தக் காரணங்கள் என்று அதில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. "அனுப்புறதா இருந்தா நீங்க அனுப்புங்க. நானாப் போகல" என்று பேனாவைத் தொடாமல் எழுந்து வந்தாய். அனுப்பினார்கள்.

நான் அப்போது என்ன செய்தேன்? 'ஆழம் குறித்துக் கருத்து வேறுபாடு' என்று செய்தி எழுதினேன். படித்துவிட்டுச் சிரித்தாய்.

"கல்லுக்கும் எனக்கும் என்னடா கருத்து வேறுபாடு?"

ஊருக்குக் கிளம்பும்போது குண்டை என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாய். நான் அதைக் கீழ் இழுப்பறையில் போட்டு மூடினேன். எதற்கு வைத்தாய் என்று எனக்குத் தெரியும்.

நீ போட மறுத்த கையெழுத்தை, நீ இல்லாத இப்போது என் கையால் போடச் சொல்கிறார்கள். என் பக்கம் இப்படித் தொடங்குகிறது: 'அவர் விலகவில்லை. பாறையை மீன் என்று எழுத மறுத்ததால் அனுப்பப்பட்டார்.'

செயலாளர் மறுபடி அழைத்தார். "கொஞ்சம் மாத்தலாமாண்ணே?"

"மாஃபி" என்றேன். கிடையாது.

காற்றில் தாள் பறக்காதிருக்க உன் குண்டை அதன்மேல் வைத்தேன். ஓரத்தில் கிரீஸ் கறை பட்டுவிட்டது. வேறு தாளில் எழுதப்போவதில்லை, இதையே அனுப்புகிறேன்.