டப்பா ஆடும் வேகம்

செவ்வாய், 14

காலையிலிருந்து வானம் கறுத்தபடி. ஒரு சொட்டு இல்லை. மழைகூட இந்த ஊரில் வாக்குக் கொடுத்துவிட்டு ஏமாற்றும்.

பாலிடெக்னிக் லேப் வகுப்பு முடிந்து நேரே ஜெராக்ஸ் கடை மாடி, எங்கள் கல்யாணக் கச்சேரிக் குழு கூடும் இடம். நான் கிட்டார். ப்ராக்டிஸ். கடை மாஸ்டருடையது. கீபோர்டும் அவருடையது, ஸ்பீக்கரும் அவருடையது. அதனாலேயே மாஸ்டர். வேறு தகுதி ஒன்றும் தெரியவில்லை.

என் பெடலை முதல் தடவையாகக் கொண்டுபோனேன். மூன்று மாத வேலை. காலால் அமுக்கினால் கிட்டார் சத்தம் ஏறி இறங்கும், அலை மாதிரி. உள்ளே சர்க்யூட், வெளியே எவர்சில்வர் டிபன் டப்பா. பார்த்ததும் டிரம்பெட்காரர், “உள்ள இட்லியா தங்கச்சி?” எல்லாரும் சிரிப்பு. இதுதான் இவர்கள் நகைச்சுவையின் உச்சம்.

வாசித்தேன். மாஸ்டர் முகம் சுளித்து, “என்னம்மா இது, காய்ச்சக்காரன் மாதிரி உதறுது? மெதுவா ஆட வைக்க முடியாதா?”

அவர் சொன்னது சரி. வேகத்தை எவ்வளவு குறைத்தாலும் இரண்டு செகண்டுக்கு மூன்று ஆட்டம். ஒப்புக்கொள்ளவில்லை. “பாக்கேன்” என்று மட்டும்.

ஞாயிறு சிவகிரியில் ரிசப்ஷன். பெண்ணின் அப்பா கேட்ட மெதுவான பாட்டு, கிட்டார் தனியாகத் தொடங்கும். அதற்குள் சரியாகாவிட்டால் மாஸ்டர் கீபோர்டிலேயே கிட்டார் டோன் போட்டுவிடுவாராம். பிளாஸ்டிக் மாலைக்கு சென்ட் அடிப்பது போல.

புதன், 15

புழுக்கம்.

வேண்டியது: கண்டன்சர் 47 மைக்ரோ ஒன்று. இப்போது இருப்பது 10. அது நிரம்பிக் காலியாகிற நேரம்தான் ஆட்டத்தின் வேகம். பெரிதாகப் போட்டால் நிரம்ப நேரமெடுக்கும், ஆட்டம் மெதுவாகும். அவ்வளவுதான் விஷயம்.

எலக்ட்ரிக் கடைக்காரர்: “ஃபேனுக்கா மேடம்? எந்த ஃபேன்னு தெரியாம குடுக்கக் கூடாது. சாரை வரச் சொல்லுங்க.”

சாருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஃப்யூஸ் போடத் தெரியாது. சொல்லவில்லை. பேப்பரில் எழுதி நீட்டினேன். ஒரு ஆண் கையெழுத்து என்று நினைத்தாரோ என்னவோ, உடனே எடுத்துக் கொடுத்தார்.

வீட்டில் சால்டரிங் புகை. சார் எட்டிப் பார்த்து, “சாம்பார் கொதிக்கா?”

பழைய கண்டன்சரைக் கழற்றி, புதியதை வைத்து, கிட்டாரைச் செருகி மிதித்தால் ஆட்டமே இல்லை. செத்த சத்தம். அரை மணி நேரம் தேடினேன். பிளஸ் மைனஸ் மாற்றி வைத்திருக்கிறேன். டிப்ளமோ, முதல் வகுப்பு. தினமும் முப்பது பிள்ளைகளை இதற்காகத்தான் திட்டுகிறேன். அது சூடாகிவிட்டது, நல்லவேளை இரண்டு வாங்கியிருந்தேன்.

இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. மூன்று செகண்டுக்கு ஒரு ஆட்டம். வாட்ச் வைத்துப் பார்த்தேன். ஏறி, நின்று, இறங்குகிறது. வேகத் திருகின் கடைசி ஓரத்தில்தான் அந்த வேகம் கிடைக்கிறது, அந்த இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி.

ஒரே தந்தியைத் தட்டிக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. சந்தோஷம். சொல்லத்தான் ஆள் இல்லை.

வியாழன், 16

ப்ராக்டிஸ். நாலு அடிக்கு டப்பா ஒரு தடவை ஆடுகிறது. தாளத்தோடு கச்சிதம். இட்லி ஜோக் இன்று இல்லை.

மூன்றாவது சரணத்தில் எல்லாம் பிரிந்துபோனது. இரண்டு தடவை. ரிதம் பேட் வாசிப்பது இசக்கி அண்ணன், பகலில் திருவேங்கடம் மினி பஸ்ஸில் கண்டக்டர். இசை படித்தவர் இல்லை. பஸ் படிக்கம்பியில் தட்டிப் பழகினவர்.

திரும்பி நேராகவே கேட்டேன். “இசக்கி அண்ணே, மூணாவது சரணத்துல தாளத்த விட்டு முன்னால ஓடுதிய.”

“நானா?”

“என் டப்பா மூணு செகண்டுக்கு ஒரு தடவதான் ஆடும். அது ஓடாது, பொய்யும் சொல்லாது. அப்ப யாரு ஓடுதது?”

மாஸ்டர் எதற்குக் காத்திருந்தாரோ, பிடித்துக்கொண்டார். “நானும் ரொம்ப நாளா நெனச்சேன். ஞாயித்துக்கிழம நீ வர வேண்டாம் இசக்கி. ரிதத்த கீபோர்டுல போட்டுக்கிடுதேன்.” ரொம்ப நாளாக நினைத்தவர் நான் சொல்லும் வரை வாயே திறக்கவில்லை. முதுகெலும்பும் ஜெராக்ஸ் காப்பி.

“சரி மாஸ்டர்.” குச்சி இரண்டையும் கண்டக்டர் பைக்குள் வைத்து இறங்கிப் போனார். ஞாயிறுக்கு லீவு போட்டிருந்தாராம், டிரம்பெட்காரர் சொன்னார்.

பாவம்தான். ஆனால் தாளம் தெரியாதவர் தாளம் போடலாமா?

வெள்ளி, 17

மழை, ஒருவழியாக. தெருவெல்லாம் சேறு.

நேற்று ப்ராக்டிஸை போனில் ரெகார்டு பண்ணியிருந்தேன். இசக்கி அண்ணன் எங்கே ஓடினார் என்று எல்லாருக்கும் அனுப்பிக் காட்டத்தான். இயர்போன் போட்டு, வாட்சைப் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

முதல் சரணம்: டப்பா ஏறுகிற இடத்தில் பேட் அடி.
இரண்டாவது: அதே.
மூன்றாவது: அதே. இம்மி பிசகவில்லை.

கிட்டார்தான் முன்னால் ஓடுகிறது. என் வலது கை. பஸ்ஸைத் தவறவிடப் போகிறவள் மாதிரி.

நாலு தடவை கேட்டேன். நாலு தடவையும் நான்தான்.

டப்பா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நான்தான் கேட்காமல் பேசிவிட்டேன். இந்த வாரம் எத்தனை பேரை மட்டமாக எழுதியிருக்கிறேன் என்று மேலே புரட்டிப் பார்த்தேன். அத்தனை பேரையும்விட மட்டம்.

டெலீட் பட்டனில் விரல் வைத்தேன். எடுத்துவிட்டேன். இன்னொரு தடவை வைத்தேன்.

சாப்பிடவில்லை. சார் கேட்கவும் இல்லை.

சனி, 18

ரெகார்டு போனில் இருக்கிறது.

காலையில் மாஸ்டருக்கு போன். “ஓடுனது இசக்கி அண்ணன் இல்ல, நான்தான்.”

அவர், “வேற யாருக்கும் தெரியாதுல்லா? அப்ப விடு.”

இந்த ஆள் மேல் வைத்திருந்த அபிப்பிராயத்தை மாற்றத் தேவையில்லை. ஒரு ஆறுதல்.

“அண்ணன் வரலன்னா நானும் வரல” என்றேன். “என்னமும் பண்ணித் தொலைங்க” என்று வைத்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்ட். பதினொன்றரை திருவேங்கடம் மினி பஸ். ஏறினேன். கூட்டம், உரமூட்டை, ஈரக்குடை. இசக்கி அண்ணன் டிக்கெட் கிழித்துக்கொண்டே வந்தார். “எங்கம்மா போற?”

“எங்கயும் இல்ல. ஓடுனது நான்தாண்ணே.” இயர்போனை நீட்டினேன்.

வாங்கவில்லை. “எனக்கு அன்னிக்கே தெரியும்.”

“பின்ன ஏன் சொல்லல?”

“நீ படிச்ச புள்ள. டப்பா சொல்லுதுன்னு சொன்ன. அத்தன பேரு முன்ன நான் எத வச்சுச் சொல்ல?” அடுத்த ஆளுக்கு டிக்கெட் கொடுத்தார். திரும்பி, “அங்க சொன்னத இங்க வந்து எங்கிட்ட மாத்திச் சொன்னா ஆச்சா?”

பக்கத்து சீட்டு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, சேற்றில் நடந்தே வந்தேன்.

ஞாயிறு, 19

வெயில்.

வேன் புறப்படும் முன் ஜெராக்ஸ் கடை வாசலில் எல்லாரையும் நிறுத்தி ரெகார்டைப் போட்டேன். மூன்றாவது சரணம். “இது நான். அண்ணன் சரியாத்தான் வாசிச்சாவ.” டிரம்பெட்காரர் இளித்தார். மாஸ்டர் கேட்காத மாதிரி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தார். இசக்கி அண்ணனுக்கு போன் போட்டுக் கூப்பிட்டதும் அவர்தான், அதுவும் ஏதோ தான் மன்னித்துவிட்ட மாதிரி.

சிவகிரி. லீவை ரத்துசெய்துவிட்டிருந்த அண்ணன் டூட்டி முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்து பேட் முன்னால் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

மெதுவான பாட்டு. டப்பா ஏறி இறங்கியது. மூன்றாவது சரணத்தில் அவர் குச்சியையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். பிரியவில்லை. கேட்டவர் யாருமில்லை. பாட்டைக் கேட்டு வாங்கிய பெண்ணின் அப்பாவே பந்தியில் அப்பளம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

மேடையிலிருந்து இறங்கும்போது இசக்கி அண்ணன் பக்கத்தில் வந்தார். “கையி இன்னும் கொஞ்சம் முந்துதும்மா. நாளைக்குச் சாயங்காலம் மாடிக்கு வா, பெட்டி கிட்டி இல்லாம. சும்மா கையத் தட்டிப் பாப்போம்.”

எரிச்சலாக வந்தது. வாரேன் என்றேன்.