சந்தேகப் பேர்வழியும் என் காதும்

மார்ச் 4, செவ்வாய்

பதினேழாம் அத்தியாயம் கேட்டு முடித்தேன். ஐம்பத்திரண்டு நிமிடம். தப்பு இரண்டே இரண்டு. ஓரிடத்தில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. இன்னோர் இடத்தில் கதையில் வரும் மாமா பேச வேண்டியதை மாமி பேசுகிறாள். குறித்துவிட்டு, கீழே ஒப்புதல் போட்டுத் தங்கைக்கு அனுப்பினேன். முதுகு விண்விண் என்கிறது.

அவள் வாசிக்கிறாள், நான் கேட்கிறேன். ஒன்பது வருடமாக இதுதான் பிழைப்பு. அவள் தன் வீட்டுத் துணி அலமாரிக்குள் கம்பளிகளைத் தொங்கவிட்டு, நடுவில் மைக் வைத்து, நாவல் நாவலாக வாசித்துத் தள்ளுவாள். நான் என் வீட்டுப் பின்னறையில் காதில் ஹெட்ஃபோனும் மடியில் புத்தகமுமாக வரிக்கு வரி விரல் வைத்துக் கேட்பேன். அச்சகத்தில் இருபது வருடம் மெய்ப்புத் திருத்தியவன் நான். அந்த வேலையைக் கம்ப்யூட்டர் பிடுங்கிக்கொண்ட பிறகு அவள் போட்டுக்கொடுத்த நாற்காலி இது.

மாலையில் போன் செய்தாள். பதிப்பகத்தில் புது விதியாம். அடுத்த புத்தகத்திலிருந்து, ஒலியைச் சரிபார்க்கிற மென்பொருளின் அறிக்கையையும் சேர்த்துத் தர வேண்டுமாம்.

"மாசக் கடைசிக்குள்ள ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்ணா. நீயே பாத்துச் சொல்லு."

என் கழுத்துக்கான கத்தியை நானே தீட்டிக் கொடுக்க வேண்டும். நல்ல தங்கை.

மார்ச் 6, வியாழன்

முதல் மென்பொருளை இறக்கினேன். ஒலிப்பதிவு, சரிபார்ப்பு இரண்டும் ஒன்றிலேயே. திறக்கவே பதினோரு நிமிடம் எடுத்துக்கொண்டது. குண்டன் என்று பெயர் வைத்துவிட்டேன்.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது அவள் தப்பாக வாசித்தால் சற்று நிறுத்தி அதே வாக்கியத்தை மறுபடி வாசிப்பாள். நான் பிறகு தேடிப் பிடித்து முதலில் வாசித்ததை வெட்டி எறிய வேண்டும். குண்டனில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். நான்கு நொடி பின்னால் போய், அவள் குரலை அவளுக்கே ஓட்டிக் காட்டி, தப்பு வந்த இடத்தில் தானாகப் பதிவைத் தொடங்கிவிடுகிறான். வெட்டுகிற வேலையே இல்லை.

வெட்டுகிற வேலை என்னுடையது.

மார்ச் 8, சனி

குண்டன் மூன்று முறை மயங்கி விழுந்தான். அனுப்பிவிட்டேன். மனசுக்குள் ஒரு அற்ப சந்தோஷம்.

மார்ச் 11, செவ்வாய்

இரண்டாவது ஆள். இவன் ஒலியைத் தானே கேட்டு எழுத்தாக்கி, புத்தகத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வரும் இடத்தில் சிவப்புக் கோடு போடுகிறான். பதினேழாம் அத்தியாயத்தையே கொடுத்துப் பார்த்தேன், நான் ஏற்கெனவே ஒப்புதல் போட்டது என்பதால். அறுபத்து மூன்று சிவப்புக் கோடு!

பாதி வெறும் அசட்டுத்தனம். சேர்த்து எழுதிய சொல்லைப் பிரித்து வைத்துக்கொண்டு சண்டைக்கு வருகிறான். அது போகட்டும். மீதி முப்பத்தொரு இடத்தில் 'வாய்ச் சொடுக்கு', 'மூச்சுச் சீறல்', 'நாற்காலிச் சத்தம்' என்று எழுதியிருக்கிறான். ஒவ்வொன்றையும் மூன்று தரம் ஓட்டிக் கேட்டேன். ஒன்றும் இல்லை. சுத்தமான அமைதி.

இல்லாத சத்தம் கேட்கிறவனை வேலைக்கு வைக்க முடியுமா? சந்தேகப் பேர்வழி. வேண்டாம் என்று பாப்பாவிடம் சொன்னேன். (தங்கைக்கு நாற்பத்தாறு வயது. இன்னும் எனக்குப் பாப்பாதான்.)

"இன்னொரு தடவை கேட்டுப் பாரேண்ணா."

எதற்கு? மூன்று தரம் போதாதா?

மார்ச் 12, புதன்

மென்பொருள்காரர்களுக்குக் காரசாரமாக ஒரு புகார் எழுதினேன். ஹெட்ஃபோனைச் சரிபார்க்கவும் என்று ஒற்றை வரியில் பதில். பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறொரு ஹெட்ஃபோன் கடன் வாங்கினேன். அதிலும் ஒன்றும் இல்லை. அலுத்துவிட்டது. யாரோடு மல்லுக்கட்டுகிறேன் என்றே தெரியவில்லை.

மார்ச் 15, சனி

காது வலித்தது என்று ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு அதே பதினேழாம் அத்தியாயத்தை ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருந்தேன். மனைவி எனக்குப் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். திரை அவளுக்குத் தெரியாது.

"என்னங்க, பாப்பா ஏன் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கி வாசிக்கிறா?"

"எங்க சொடுக்குறா?"

"இதோ." கொஞ்சம் பொறுத்து, "இதோ." மறுபடியும், "இதோ பாருங்க, இப்பக்கூட."

அவள் சொன்ன ஒவ்வொரு முறையும் திரையில் ஓடுகிற கோடு ஒரு சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நீயும் அவன் கட்சியில சேந்துட்டியா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. மடித்த துண்டைக் கீழே வைத்தாள்.

"காலையில அலாரம் அடிச்சிக்கிட்டே கெடக்கு, நீங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறீங்க. எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சிட்டு நானே போய் நிறுத்திட்டு வருவேன்."

ஒலிபெருக்கியை நிறுத்தினேன்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

இரண்டு நாளாக ஒரே கேள்வி. எனக்குக் கேட்கவில்லை என்றால், நான் ஒப்புதல் போட்ட புத்தகமெல்லாம் இந்தச் சொடுக்கோடும் சீறலோடுமா வெளியே போயிருக்கிறது? அப்படியென்றால் பதிப்பகம் இத்தனை நாள் சும்மா விட்டிருக்குமா?

கடைசியாக வெளிவந்த நாவலைச் சந்தேகப் பேர்வழியிடம் கொடுத்தேன். பிரித்தல் சேர்த்தல் சண்டையைத் தள்ளிவிட்டால், மொத்தப் புத்தகத்துக்கும் சத்தம் நான்கே நான்கு. அதே நாவலுக்கு நான் ஒப்புதல் போட்டு அனுப்பிய பிரதியைக் கொடுத்தேன். ஒரு அத்தியாயத்திலேயே நாற்பதுக்கு மேல்.

நடுவில் யார் துடைத்தது?

நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வைத்திருக்கும் இணையக் கோப்பறையில் தேடினேன். அவள் பகுதிக்குள் நான் போனதே இல்லை, போக வேண்டிய வேலையும் இல்லை. அங்கே ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் இன்னொரு பதிவு இருக்கிறது. எல்லாவற்றிலும் தேதி, என் ஒப்புதலுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ பின்னால். நான்கு புத்தகம். பதினோரு மாதம். நான் சரி என்று சொன்னதையெல்லாம் அவள் மறுபடி முதலிலிருந்து கேட்டு, சொடுக்கு விழுந்த வரிகளை மறுபடி வாசித்து ஒட்டியிருக்கிறாள்.

வெட்கமாக இருக்கிறது. அவள் மேல் கோபமாகவும் இருக்கிறது. கோபம் கொஞ்சம் சுலபமாக இருப்பதால் அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 19, புதன்

பாப்பா வீட்டுக்கு மூன்று மாடி ஏறிப் போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"எப்போலேர்ந்துடி தெரியும்?"

"போன வருஷம், அந்தக் கப்பல் நாவல் செஞ்சோமே, அப்போலேர்ந்து."

"சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"என்னன்னு சொல்றது? அச்சகத்துலேர்ந்து அனுப்பினப்போ எட்டு மாசம் செவுத்தைப் பாத்துட்டு உக்காந்திருந்தே. சாப்பிடுன்னா சாப்பிட்டே, படுன்னா படுத்தே. மறுபடியும் அப்படி உக்காந்துடுவியோன்னு எனக்கு பயம்ணா."

"அதான் விதின்னு சொல்லிப் பதிப்பகம் கழுத்தைப் பிடிக்குதாக்கும்."

தரையைப் பார்த்தாள். "விதியெல்லாம் ஒண்ணும் இல்ல. நானாத்தான் சொன்னேன். மெஷின் சொன்னா உனக்குக் கோவம் வராதுன்னு நெனச்சேன்."

மெஷின் சொன்னபோதுதான் எனக்கு எவ்வளவு கோபம் வந்தது! இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்து முடித்ததும் கீழே இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

காது மருத்துவர் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார். வெகு நேரம் அழுத்தவே இல்லை. சத்தம் இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

"பேச்சு கேக்கும். அதோட ஓரம் கேக்காது. மெலிசான சத்தம், கீச்சுச் சத்தம் எல்லாம் போயிடுச்சு" என்றார். இரண்டு காதிலும். காதுக் கருவி வர ஒரு வாரம் ஆகுமாம். மனைவி வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள், என்னமோ எனக்குக் கண் போய்விட்ட மாதிரி.

மார்ச் 29, சனி

தேர்வு முடிந்தது. சந்தேகப் பேர்வழிக்கே வேலை. சத்தத்தை அவன் பார்த்துக்கொள்ளட்டும். அவனுடைய அசட்டுச் சண்டைகளை நான் அடித்து, சொற்களைப் பார்த்துக்கொள்கிறேன். பாப்பாவுக்கு எழுதி அனுப்பினேன். நாற்காலி பாதிதான் போயிருக்கிறது. தோற்ற மாதிரியும் இருக்கிறது, பாரம் இறங்கின மாதிரியும் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

காலையில் கருவி பொருத்தினார்கள். உலகம் முழுக்க யாரோ காகிதத்தைக் கசக்குகிறார்கள். என் சட்டைகூடச் சத்தம் போடுகிறது.

வீட்டுக்கு வந்து, போன வாரம் அவள் அனுப்பிய பதினெட்டாம் அத்தியாயத்தைப் போட்டேன். சொடுக்கு கேட்டது. மூச்சுச் சீறல் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டு வந்தேன், பரீட்சையில் பாஸான பையன் மாதிரி. நாலைந்து நிமிடம் போன பிறகுதான் அவள் குரலைக் கேட்டேன்.

கோப்பு மாறிவிட்டதோ என்று நினைத்தேன். மாறவில்லை. குரலுக்கு அடியில் ஏதோ உரசுகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு வரும்போது குரலே இல்லை, வெறும் காற்று. கருவியின் கோளாறாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே எங்கள் முதல் புத்தகத்தை எடுத்துப் போட்டேன். சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு புத்தகமாக வந்தேன். கப்பல் நாவல்வரை சரி. அதற்கடுத்ததில் தொடங்குகிறது.

ஒன்பது வருடமாக அவள் குரலைக் கேட்பது ஒன்றுதான் என் வேலை. பதினோரு மாதமாக அவள் தொண்டை கிழிந்துகொண்டிருந்திருக்கிறது, எனக்காக இரண்டு தரம் வாசித்து வாசித்து. நான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எல்லாம் சரி என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். அழுதேன். அந்தச் சத்தமும் கேட்டது.

போன் செய்தேன்.

"கருவி எப்படிண்ணா இருக்கு?"

"உன் தொண்டை ஏன்டி இப்படி இருக்கு?"

மெதுவாகக் கேட்டாள். "கேக்குதா உனக்கு?"

"கேக்குது."

பதிப்பகத்துக்கு ஆறு வாரம் தள்ளிப்போடச் சொல்லி எழுதிவிட்டதைச் சொன்னேன். நாளை காலை பத்து மணிக்குத் தொண்டை மருத்துவர், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், அதுவரை ஒரு வார்த்தை பேசக் கூடாது, சரியா என்று கேட்டேன். பேச வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள் போல. நகத்தால் போனை மெல்ல இரண்டு தட்டு தட்டினாள். இரண்டும் கேட்டது.