கோப்பை கழுவும் மிஷின் நின்ற பத்து நாட்கள்

யூலை 3, வியாழன்

விடியமுன்பே சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் கூட்டிய கையோடு திரும்பவும் குப்பை. கோயிலில் இரண்டாம் திருவிழா. நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு அரை நாள் லீவு.

டிஷ்வோஷர் நேற்றுக் காலையில் இருந்து வேலை செய்யவில்லை. முழுதாகச் செத்திருந்தால்கூட மனம் ஆறும். லைட் எல்லாம் பத்துகிறது. ஸ்டார்ட் பட்டனை அமத்தினால் ஒன்றுமில்லை. அமத்தாத பட்டன் தானாகப் பத்தி அணைகிறது. கழுவுவதைத் தவிர மற்ற எல்லாம் செய்கிறது.

செய்து பார்த்தவை:
பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டேன்.
மெயின் சுவிச்சை நிறுத்திப் போட்டேன்.
கதவை உதைத்தேன் (ஒருமுறை).

வீட்டில் ஆறு பேர். நான், இவர், மாமி (இவரின் அம்மா). திருவிழாவுக்கு வந்து நிற்கும் வட்டுக்கோட்டை அத்தான் (இவரின் சித்தப்பா மகன்), அவர் மனைவி, மகள். மரக்கறிச் சமையல்தான், ஆனாலும் ஏழெட்டுக் கறி. விரல் இடுக்கெல்லாம் திரும்ப வெடித்துவிட்டது. சவர்க்காரத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று தோல் வைத்தியர் சொல்லி ஆறு மாதம். கையுறை போட்டால் வேர்த்து இன்னும் மோசம். அதற்காகத்தான் இந்த மிஷினை வாங்கினேன். சொகுசுக்கு இல்லை.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டே: "ரெண்டு கை இருக்கேக்கை உந்த மிஷின் என்னத்துக்குத் தங்கச்சி?"

அந்த இரண்டு கையால் தன் சாப்பாட்டுக் கோப்பையைக் குசினி வரைக்கும் அவர் தூக்கி வந்ததை நான் இன்னும் காணவில்லை.

யூலை 4, வெள்ளி

வெக்கை. மருந்துக்கடையில் நல்ல சனம்.

ஒரு வயதான அம்மா. மருந்துப் பையை நீட்டினேன். என் விரலைக் கண்டதும் கையை இழுத்துக்கொண்டார். "வேறை ஆரையேன் தரச் சொல்லும் பிள்ளை."

தொற்று இல்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் நின்றவர்களும் என் கையைத்தான் பார்த்தார்கள். பையைக் கவுண்டரில் வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

பின்னேரம் முதலாளி கூப்பிட்டார். "அக்கா, கோவியாதேங்கோ. கை ஆறுமட்டும் உள்ளுக்கு ஸ்டோரிலை நில்லுங்கோ. புதுப் பிள்ளை முன்னுக்கு நிக்கட்டும்."

பன்னிரண்டு வருடமாக நான் நிற்கும் கவுண்டர். புதுப் பிள்ளைக்கு டொக்டர்மாரின் எழுத்தே இன்னும் பிடிபடவில்லை. ஆறாவிட்டால் ஸ்டோரோடு சரி என்று அவர் சொல்லவில்லை. எனக்கு விளங்கியது. ஆறுவதற்குக் கை காய வேண்டும், காய்வதற்கு மிஷின் ஓட வேண்டும். இவ்வளவுதான் விஷயம்.

இவரிடம் சொன்னேன். "பாப்பம்" என்றார், பேப்பரில் இருந்து கண் எடுக்காமல். போன வருடம் கிணற்று மோட்டார் நின்றபோது "பாப்பம்" வரவில்லை. இவர் குளிக்க வேண்டும் அல்லவா! இரண்டு மணித்தியாலத்தில் ஆள் வந்து, கழற்றி, பூட்டி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

நானே ஜெரோமுக்குப் போன் எடுத்தேன். மிஷினைக் கொண்டுவந்து பூட்டியவர் அவர்தான். நாளைக்கு வருகிறாராம்.

யூலை 5, சனி

ஜெரோம் குருநகரில் இருந்து மோட்டார் சைக்கிளில். பி.ப. 3 மணி. வாசலில் முதல் கேள்வி: "அண்ணை இல்லையோ?"

இவரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவரிடமே எல்லாம் கேட்கிறார்.

"என்ன புரோகிராமிலை விடுறனீங்கள் அண்ணை?"

"நோர்மல்."

நான் விடுவது எக்கோ! ஒருநாள் ஒரு கரண்டி வைத்து எடுத்த மனிதர் இல்லை, பதில் மட்டும் டாண் என்று வருகிறது. "எக்கோ" என்று நான் சொன்னேன். ஜெரோம் இவரைப் பார்த்துத் தலையாட்டினார்.

கரண்டை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்விளிம்பில் இருந்த ஸ்குரூக்களைக் கழற்றினார். எங்கள் மிஷினில் பட்டன் எல்லாம் கதவின் மேல்விளிம்பில். அதற்குக் கீழேதான் அந்தக் கொன்ட்ரோல் போர்ட், என் உள்ளங்கை அகலம். முழுக்க மஞ்சள் திட்டு. செப்புக் கோடெல்லாம் அரித்துப் போயிருந்தது.

"மஞ்சள் தண்ணி. பட்டன் இடுக்காலை இறங்கியிருக்கு. துடைச்சுச் சரிவராது, போர்ட் மாத்தோணும்" என்றார். இவர் யன்னலால் தூரத்தில் போன ரயிலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. கொடியேற்றத்துக்கு வீடு கழுவி மஞ்சள் தண்ணீர் தெளிப்பது ஒவ்வொரு வருடமும் மாமியின் வேலை. மீன், மச்சம் புழங்கிய சட்டி, அடுப்பு, அம்மி ஒன்றும் தப்பாது. முதல்நாள் மீன் கோப்பை கழுவிய மிஷினும் தப்பவில்லை!

நேரே போனேன். மாமி பூமாலை கட்டிக்கொண்டு இருந்தார்.

"கரண்டிலை ஓடுற சாமானுக்கு ஆரும் தண்ணி தெளிப்பினமோ மாமி? என்ரை கை உங்கடை கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

மாமி என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற இவரைப் பார்த்தார். "சரி பிள்ளை. நடந்தது நடந்துபோச்சு."

இவர்: "அம்மாவை விடும். வயசுபோன மனுசி."

விட்டேன். கோபமும் போகவில்லை, கத்தியது சரி என்ற நிம்மதியும் இல்லை.

யூலை 8, செவ்வாய்

கொழும்பில் இருந்து பஸ்ஸில் போர்ட் வந்தது. பிழையான போர்ட். பட்டன் முன்பக்கம் இருக்கும் மிஷினுடையதாம். டோர்ச் அடித்து, குப்புறப் படுத்து, மொடல் நம்பரைப் படமெடுத்து அனுப்பியது நான். அந்தப் படத்தை ஒரு மனிதன் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கொழும்புக் கடைக்குப் போன் எடுத்தேன். "ஏறக்குறைய ஒன்னுதான் மேடம். மாட்டிப் பாருங்க."

ஏறக்குறைய! பிரஷர் குளிசை கேட்டவருக்கு ஏறக்குறைய ஒன்று என்று நான் எதையாவது எடுத்துக் கொடுத்தால் என்ன நடக்கும்? அதையே கேட்டேன். வியாழன் சரியானது வருமாம்.

இன்று நாள் முழுக்க ஸ்டோரில் குளிசை அட்டை எண்ணினேன். முன்னால் புதுப் பிள்ளை, "அக்கா, இது என்ன எழுத்து?" என்று ஏழு தடவை உள்ளே ஓடிவந்தாள்.

வீட்டுக்கு வந்தால் தேத்தண்ணிக் கோப்பை எல்லாம் கழுவிக் கவிழ்த்திருக்கிறது. மாமி. செய்த பிழைக்குப் பிராயச்சித்தம் என்று நினைத்தேன்.

வாங்க: தேங்காய் 4, கற்பூரம், கைக்குப் பூசும் களிம்பு.

யூலை 10, வியாழன்

தேர். நல்ல காற்று, ஆலவட்டம் பிடிக்க ஆட்கள் பட்ட பாடு. தேர் இருப்புக்கு வந்தபோது 11 மணி.

போர்ட் வந்துவிட்டது. சரியானது. ஜெரோமுக்குச் சொல்லப் போன் எடுத்தேன்.

"சனி வாறன் அக்கா. அண்ணைக்குச் சொல்லுங்கோ, இனி உதுக்கு மஞ்சள் தண்ணி கிண்ணி தெளிக்க வேண்டாமெண்டு."

"தெளிச்சது மாமி, தம்பி."

"மாமியோ? அண்ணைதானே கொடியேத்தம் அண்டைக்கு எனக்குப் போன் எடுத்தவர். தான் வெள்ளென தெளிச்சுப்போட்டன், போர்ட் பழுதாகுமோ எண்டு கேட்டவர். உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

போனை வைத்தேன்.

முதலில் மாமியிடம் போனேன். "மாமி, என்னை மன்னியுங்கோ."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அண்டைக்கு நான் பூ ஆய்ஞ்சுகொண்டு நிண்டனான். யன்னலாலை கண்டனான். அவனுக்கு வெக்கம், அதுதான் பேசாமல் இருந்திட்டன்."

அவனுக்கு வயது ஐம்பத்து நாலு. உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறார். பள்ளிக்கூட மேடையில் மூடநம்பிக்கை பற்றி நாற்பது நிமிடம் பேசுவார். மன்னிப்புக் கேட்கப் போன எனக்கு மாமியிலும் கோபம் வந்தது. "நீங்கள் இப்பிடி மறைச்சு மறைச்சுத்தான் அவர் இப்பிடி இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். மாமி மறுக்கவில்லை.

பிறகு இவரிடம் போய், ஜெரோம் சொன்னதைச் சொன்னேன்.

"நான் உதுகளை நம்புறேல்லை எண்டு உமக்குத் தெரியும்தானே."

"பிறகேன் தெளிச்சனீங்கள்?"

"முதலாம் திருவிழா எங்கடை உபயம். உள்ளுக்கு மீன் கோப்பை கிடந்தது. ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீர் கத்துவீர்."

"அப்ப மாமிக்குக் கத்தினது பரவாயில்லையோ?"

ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்.

என் கோபம் மிஷினுக்காக இல்லை. மஞ்சள் தண்ணீருக்காகவும் இல்லை, கேட்டிருந்தால் நானே ஈரத் துணியால் துடைத்து விட்டிருப்பேன். எட்டு நாளாக என் வெடித்த கையைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கையால் போட்ட சோற்றைச் சாப்பிட்டிருக்கிறார். கவுண்டர் போனதைச் சொன்னபோதும் "பாப்பம்" என்றார். அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

யூலை 12, சனி

மிஷின் ஓடுகிறது.

ஜெரோம் கா. 10க்கு வந்தார். இந்தமுறை "அண்ணை" கேட்கவில்லை. டோர்ச் பிடித்தது நான். வயரைக் கழற்றமுதல் போனில் படம் எடுக்க வேண்டும், எது எங்கே என்று மறக்காமல் இருக்க. வயரை இழுக்கக்கூடாது, முனையில் இருக்கும் பிளாஸ்டிக்கைப் பிடித்துத்தான் கழற்ற வேண்டும். பழைய போர்ட் இருந்த இடத்தைத் துடைத்துக் காயவைத்தார். புதியதை இருத்தி, ஒவ்வொரு வயரும் "டிக்" என்று பிடிக்கும் வரை அமத்தினார். கடைசி வயரை என்னிடம் தந்தார். "நீங்கள் போடுங்கோ அக்கா." போட்டேன். டிக்.

ஸ்டார்ட். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தண்ணீர் இறங்கும் சத்தம்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மிஷினுக்கு அழும் மனுசி என்று ஜெரோம் நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இவர் எட்டிப் பார்த்து, "இப்ப ஓடுதுதானே, இனி விடுமன்" என்றார். நான் இரண்டு நாளாக இவரோடு கதைக்கவில்லை. இன்றும் கதைக்கவில்லை.

யூலை 13, ஞாயிறு

நேற்றோடு கோயில் அலுவல் எல்லாம் முடிந்தது. அத்தான் வீட்டார் பின்னேரம் போகிறார்கள். அதனால் மத்தியானம் மச்சம்: நண்டுக் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலை வறை. நண்டு மண்சட்டியில்.

எல்லாரும் சாப்பிட இருந்தோம். அத்தான் குசினிப் பக்கம் பார்த்து, "மிஷினுக்கு என்ன நடந்ததாம்?" என்றார். என்னிடம் இல்லை, இவரிடம்.

இவர் நண்டுக் காலை உடைத்துக்கொண்டே, "கரண்ட் ஏறி இறங்கினது. உந்தப் போர்ட்டுகள் தாங்காது. கொழும்பிலை இருந்து எடுப்பிச்சு மாத்தினனான்" என்றார்.

மாத்தினனான்! நான் வாயைத் திறக்கமுன் மாமியின் குரல்.

"கரண்டும் இல்லை, ஒண்டும் இல்லை. உவன்தான் மஞ்சள் தண்ணியைத் தெளிச்சவன். இவள் பிள்ளை என்னை ஏசேக்கை பக்கத்திலை வாய்பொத்தி நிண்டவன். நானும் பேசாமல் இருந்தனான். அது என்ரை பிழை."

சொல்லிவிட்டு, "கொஞ்சம் குழம்பு விடு பிள்ளை" என்று கோப்பையை நீட்டினார். விட்டேன். அத்தானின் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து போனாள்.

சாப்பிட்டு முடிந்து கோப்பைகளை மிஷினுக்குள் அடுக்கினேன். மண்சட்டி அதற்குள் வைக்கக்கூடாது. குழம்பு அடியில் பிடித்திருந்தது. வழக்கம்போல் தூக்கினேன்.

மாமி என் மணிக்கட்டைப் பிடித்தார். "நீ இரு." பிறகு முன்பக்கம் திரும்பி, "தம்பி, சட்டி கிடக்கு."

இவர் வந்தார். என்னைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார்.

பி.ப. 2.40. கிணற்றடியில் தும்பு போட்டு உரஞ்சும் சத்தம். அரை மணியாக உரஞ்சுகிறார். சாம்பல் எங்கே என்று கேட்டுக் கூப்பிடுகிறார். நான் எழும்பவில்லை.